சனிக்கிழமைக்காரர் பட்டறை

எங்கள் தெருவில் சனிக்கிழமை பூட்டிக் கிடக்கிற கொலுசுப் பட்டறை ஒன்றே ஒன்றுதான். சிவதாபுரத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "சனிக்கிழமைக்காரர் பட்டறை" என்றால் டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

சேலத்துக் கொலுசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று புரியும். எங்கள் பக்கம் வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம். நான் சரக்குக் கொடுக்கிற செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் எடை போட்டு எடுப்பதும் பழைய பாக்கியைத் தீர்ப்பதும் அன்றைக்குத்தான். வாரத்தில் காசு கண்ணில் படுகிற ஒரே நாளில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேதாகமத்தை வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறைவது வரை எங்களுக்கு ஓய்வுநாள். வேலை கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் கஞ்சமலைதான். நவம்பர், டிசம்பரில் சூரியன் நேராக அந்த மலைக்குப் பின்னால் இறங்கும்; ஆறு மணி அடிப்பதற்குள் போய்விடும். ஜூனில் வடக்கே தள்ளிப்போய் ஆறே முக்கால்வரை நிற்கும். அந்தச் சில வாரங்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடுதலாக ஒரு ஜோடிக்கு மெருகு ஏற்றிவிடலாம் என்று என் மனசு கணக்குப் போடும். போடாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்தச் சபைக்குள் எங்களைக் கொண்டுவந்தது அப்பாவின் பீடி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பிடிப்பார். புத்தக ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்து ஓர் ஆரோக்கியப் புத்தகத்தைத் தவணைக்கு விற்றுவிட்டுப் போனார். வீடு வீடாகப் புத்தகம் விற்பது எங்கள் சபையில் ஓர் ஊழியம். மூன்றாம் வகுப்புவரை படித்த அப்பா எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடிக்க ஆறு மாதம் ஆனது. பீடியை விட்டார். பிறகு அந்த ஊழியரைத் தேடிப் போனார். பிறகு மேட்டூரில் காவிரியில் முழுகி எழுந்தார். நான் அப்போது கைப்பிள்ளை.

அன்றைக்குத் தொடங்கியது பேச்சு. அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, பக்கத்துச் சந்தில்தான் வீடு. "நல்ல ஆம்பள சனிக்கெழம தலைக்கு எண்ண வெப்பான். இவன் பைபிளத் தூக்கிட்டுப் போறான். சனி புடிச்ச சபை" என்பார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரள்கிறபோது எங்கள் வீட்டில் கூழ் கிடையாது, மாவிளக்கு கிடையாது. அத்தை மட்டும் தன் வீட்டுக் கூழை ஒரு தூக்குப் போசியில் கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்து, "இது சாமிக்கு வெக்காதது, தனியா எடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டிக்கொண்டே செய்வார், செய்துகொண்டே திட்டுவார்.

எனக்குப் பெண் எடுத்தது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். காபித் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். அன்றிலிருந்து அந்த மலையில் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி கொடுப்பதுதான் மரியாதை. எங்கள் சபையிலோ காபி, டீ வேண்டாம் என்பார்கள். கல்யாணமான மறுநாள் என் மாமியார் சொந்தக் கையால் வறுத்து அரைத்த காபியைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கத்தோலிக்கர். "எங்க சாமியாரே குடிக்கிறாரே மாப்பிள்ளை" என்றார். அப்புறம் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி கலந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் கொடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் டம்ளரை வைக்கும்போது ஒரு சின்னப் பெருமூச்சு உண்டு.

இவர்கள் எல்லாம் பரவாயில்லை. மாப்பிள்ளைதான் கஷ்டம். என் மனைவியின் தம்பி. கத்தோலிக்கத்திலிருந்து ஓர் ஆவிக்குரிய சபைக்கு, அதாவது பெந்தெகொஸ்தே மாதிரிச் சபைக்கு, போனவன், தங்கமான பையன். போன புதிதில் எல்லாருக்கும் வருகிற வேகம் அவனுக்கு மட்டும் அடங்கவே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போடுவான். எங்கள் சபை துர்உபதேசம், எங்கள் ஆட்கள் நியாயப்பிரமாணம் என்கிற மோசேயின் பழைய சட்டத்துக்கு அடிமைகள், 1844இல் தேதி குறித்து ஏமாந்த கூட்டம், ஒரு பொம்பளை கண்ட தரிசனத்தை வேதாகமத்துக்குச் சமமாக வைத்தவர்கள், வெள்ளைக்காரன் காசில் நடப்பவர்கள். கீழே, "மாமா தயவுசெய்து முழுசா பாக்கவும்" என்று இரண்டு கும்பிடு.

நெடுநாள் பார்க்காமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பி இழுத்துக்கொண்டே, போனை அரத்தின் மேல் சாய்த்து வைத்து, ஒன்றே கால் மணி நேர வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வயிற்றில் ஒரு மாதிரி இருந்தது. அதில் சொன்னதில் நிறைய விஷயம் உண்மை.

தேதி குறித்தது உண்மை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தின் இரண்டாயிரத்து முந்நூறு நாள் கணக்கைப் போட்டு இயேசு வரப்போகிறார் என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட நாள் 1844 அக்டோபர் 22. சிலர் விளைந்து நின்றதை அறுக்கக்கூட இல்லை. ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். விடிந்தது. அக்கம்பக்கத்தார் "என்ன, இன்னும் மேல போகலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து அழுதுகொண்டே எழுந்த சிலபேர்தான் எங்கள் சபைக்கு வித்து. எங்கள் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எல்லன் வைட் அம்மையாருக்கு முதல் தரிசனம் வந்தது அதே வருஷம் டிசம்பரில், வயது பதினேழு. அவர் எழுதியதில் மற்றவர்கள் புத்தகங்களிலிருந்து எடுத்த பகுதிகள் இருக்கின்றன என்பதும் உண்மை. 1980களில் சபையே ஓர் ஆராய்ச்சி வைத்தது. அதுவும் எடுத்திருக்கிறார் என்றுதான் சொன்னது. 1993இல் டெக்சாஸில் வேக்கோ என்ற இடத்தில் எரிந்துபோன கூட்டத்தையும் அந்த வீடியோவில் எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அது மட்டும் அநியாயம். எங்களிடமிருந்து பிரிந்துபோனவர்களிடமிருந்தும் பிரிந்த கூட்டம் அது.

அந்தச் சனிக்கிழமை ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குப் பின்னால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எங்கள் மூப்பரிடம் கேட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாசரேத் பக்கத்துக்காரர், சூரமங்கலத்தில் நாற்பது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"வெள்ளைக்காரன் மதம்னு சொல்லுதானா உன் மச்சினன்? ஏல, அவன்ட்ட பிரகாசபுரத்துக்குப் போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முக்குப்பேரி, பிரகாசபுரம் பக்கத்தில் அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை, மிஷனரியோடு மோதிக்கொண்டு 1857இல் தனியாகச் சபை கண்டவர். வெள்ளைக்காரன் வழக்கம் வேண்டாம், வேதத்தில் உள்ளதைப் பார்ப்போம் என்று போனதில் அந்தச் சபை பிடித்துக்கொண்ட ஓய்வுநாள் சனிக்கிழமை. அமெரிக்காவில் எங்கள் சபை முறையாக அமைந்தது 1863இல். அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தபோது இருபதாம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. அவர்கள் வந்து பார்த்தால் அங்கே பனங்காட்டுக்கு நடுவில் தமிழ் ஜனங்கள் ஏற்கெனவே சனிக்கிழமை ஆராதித்துக்கொண்டிருக்கிறார்கள்!

சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுத்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. நமக்கு முன்னாலேயே ஒருத்தர் செய்தார் என்பதால் செய்வது சரியாகிவிடுமா? சட்டம்பிள்ளை சபையில் தூபமும் உண்டு. நாங்கள் தூபம் போடுவதில்லையே.

மற்ற கேள்விகளுக்கு மூப்பர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "சுத்த வெள்ளியில கொலுசு செய்ய முடியுமா? வளஞ்சிராது? செம்பு சேக்கத்தானே வேணும்? சபையும் அப்படித்தான்" என்றார். பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவனிடம் சொல்லக் கூடாத உவமை. எவ்வளவு செம்பு சேர்த்தோம் என்று சொல்லி விற்றால் அது கொலுசு. சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் வேறு. நான் அதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அப்ப சொல்லி வித்துரு" என்றார்.

மாப்பிள்ளைக்கு அன்றிரவு அதையே எழுதினேன். தேதி விஷயம் உண்மை, புத்தக விஷயம் உண்மை, வேக்கோ மட்டும் பொய், நான் சனிக்கிழமை வழக்கம்போல் சபைக்குப் போவேன். "உண்மைன்னு தெரிஞ்சும் ஏன் மாமா போறீங்க?" என்று கேட்டான். அப்போது நான் பதில் போடவில்லை. கட்டை விரலால் எழுதி முடிகிற பதில் இல்லை அது.

எனக்குப் பத்து வயதில், பட்டறையில் உருக்கிய வெள்ளி தெறித்து அப்பாவின் வலது கை வெந்துபோனது. வியாழக்கிழமை நடந்தது. மறுநாள் சாயங்காலம் அம்மா எப்போதும்போல் பட்டறைத் தரையைப் பெருக்கி, தூசியைத் தனியாகக் கட்டி வைத்து (அதில் வெள்ளி இருக்கும், எறிய மாட்டோம்), விளக்கேற்றி எங்களை உட்கார வைத்தாள். வாரம் முழுக்கக் காதுக்குள் சுத்தியல் சத்தம் இருக்கும். நின்ற பிறகும் அரை மணி நேரம் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று அது அடங்கியபோது, அப்பா வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை விட்டுவிட்டு நானாகப் பேசினேன். அப்பா கையை நல்லாக்கு, இல்லேன்னா என் கையை எடுத்துக்கோ. என் வாயிலிருந்து என் சொந்த வார்த்தையில் தேவனிடம் போன முதல் பேச்சு அதுதான். கை ஆறியது. இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் நான் பேசியது சுவரில் போய் முட்டவில்லை, யாரோ கேட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இன்றுவரை அது போகவில்லை. 1844இல் யார் எந்தக் கணக்கில் தவறினார்கள் என்பது அந்தத் தரைக்கு வந்து சேரவில்லை. அந்த அமைதியை எனக்குக் கொடுத்தது இந்தச் சபையின் வெள்ளிக்கிழமை. வேறு சபையில் பிறந்திருந்தால் வேறு நாளில் கிடைத்திருக்கலாம். கிடைத்த இடத்தை விட்டு நான் ஏன் போக வேண்டும்?

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒரு தீபாவளிக்கு முன் வெள்ளிக்கிழமை மத்தியானம், பத்து வருஷமாக என்னிடம் சரக்கு எடுத்த வியாபாரி மூன்று கிலோ கேட்டார். ஞாயிறு காலை லாரியில் ஏற வேண்டும். ராத்திரியும் சனிக்கிழமையும் உட்கார்ந்தால் முடியும். மாட்டேன் என்றேன். அவர் கத்தவில்லை. "உங்க சாமி வந்து பாக்கிச் சீட்ட அடைப்பாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அதோடு சரி, அவர் மறுபடி வரவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் புதுத் துணி கிடையாது. நாங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லைதான். ஆனால் தெருவே புதுசு உடுத்தும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் மனைவி மூன்று நாள் பேசவில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு என்மேல் வேறு கோபம். கட்டளையில் ஓய்வு வீட்டுக்காரனுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. வேலைக்காரனுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. அதனால் என்னிடம் வேலை செய்கிற இரண்டு பையன்களுக்கும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கூலி. "உன்னால எங்க பசங்களும் வெள்ளிக்கெழமயே கேக்குறானுங்கய்யா" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். எங்கள் சபைமேல் வந்த குற்றச்சாட்டுகளில் எனக்குப் பெருமையாக இருந்தது அது ஒன்றுதான்.

என் மகள் வங்கித் தேர்வு எழுதினாள். தேர்வு விழுந்தது சனிக்கிழமை. "நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். எழுதுகிறேன் என்றாள். காலை ஏழு மணிக்கு வண்டியில் கொண்டுபோய்த் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நேராக ஆலயத்துக்குப் போனேன். அவள் தேறவில்லை. சபையில் ஒருவர் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வேறொரு காரணம் வைத்திருந்தான். கணக்குப் பகுதி ரொம்பக் கஷ்டம் என்பது அவள் காரணம்.

அம்மா இறந்தது நாலு வருஷம் முன்பு, ஜனவரியில். மலையில் காபிப் பழம் பறிக்கிற நேரம். இருந்தும் மாமியார் வீட்டார் எல்லாரும் ஜீப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிட்டார்கள். நாங்கள் மரணத்தை நித்திரை என்கிறோம். உயிர்த்தெழுதல்வரை தூக்கம். மேலே போய்விட்டார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. வந்திருந்த சொந்தங்களுக்கு அது பொறுக்கவில்லை. மாப்பிள்ளையோடு வந்த பெண்கள் பரலோகப் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் சேர்ந்து பாடத் தயங்கினார்கள். பாட்டு நடுவில் அறுந்து நின்றது. "பெத்த தாய் மோட்சத்துக்குப் போகலைன்னு சொல்ற சபை இது ஒண்ணுதான்" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் நன்றாக விழுந்தது. வீடியோவில் கேட்டதெல்லாம் உறைக்காத எனக்கு அது உறைத்தது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து போய்ச் சண்டை போடலாமா என்று நினைத்தேன்.

பெரியத்தை பக்கத்தில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். அம்மாவின் பாதத்தைத் தடவிக்கொண்டே, "அப்ப எங்கடா இருக்கா உங்கம்மா?" என்று கேட்டார்.

"தூங்குறா அத்த."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "தூங்கட்டும் விடுங்கடி. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து நாலு மணிக்கு எந்திரிச்சவ. ஒரு நாளாவது என் தம்பி அவளத் தூங்க விட்டானா?" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் சபைப் போதகர்கள் ஆத்தும நித்திரையைப் பற்றி எத்தனையோ தடவை வசனத்தோடு விளக்கிக் கேட்டிருக்கிறேன். என் உள்ளே இறங்கியது அன்றைக்கு அத்தை சொன்னதுதான். சபை பிடிக்காத, ஆண்டவர் பெயரைக்கூடச் சொல்லாத கிழவி. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடி மாதம் திண்ணையைப் பார்த்தால் அந்தத் தூக்குப் போசி ஞாபகம் வரும்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை லீ பஜாருக்குச் சாமான் வாங்க மலையிலிருந்து இறங்கினான். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். கையில் பை. மேட்டூர் மீன்.

முன்பு ஒருமுறை இப்படித்தான் கெளுத்தி வாங்கி வந்திருந்தான். செதில் இல்லாத மீன் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று என் மனைவி திருப்பிக் கொடுக்க, அதற்கும் அன்றைக்கு ஒரு வேத விவாதம் நடந்து, மீன் நாறிப்போனதுதான் மிச்சம். இந்தத் தடவை பையைத் திறந்து மீனைத் தூக்கிக் காட்டினான். "கட்லா மாமா. செதிலு இருக்குதா, நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் என்னச் சொல்லாதீங்க."

சூரியன் மறைய இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான். ஓய்வுநாள் தொடங்குமுன் கழுவி, குழம்பு வைத்து, அடுப்பை அணைக்க வேண்டும். மனைவி புளி கரைத்தாள். நானும் அவனும் குழாயடியில் குந்தி ஆளுக்கொரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினோம். "நான் உங்க சபைய ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க" என்றான். நினைக்கவில்லை என்றேன். பட்டறையில் பையன்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கஞ்சமலை உச்சியில் சிவப்பு ஏறியது. "ஏன் போறீங்கன்னு கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல மாமா" என்றான். அப்பாவின் கை வெந்த கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, இருட்டுவதற்குள் வளைவு ஏற வேண்டும் என்று குழம்புகூடச் சாப்பிடாமல் கிளம்பினான்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் குரூப்பில் புது வீடியோ வந்து விழுந்தது. கீழே வழக்கம்போல் இரண்டு கும்பிடு. ஓய்வுநாள் என்பதால் நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பி இழுத்துக்கொண்டே பார்த்தேன். நாற்பது நிமிஷம். அசுத்தமான மிருகங்கள், மீன்கள் பற்றிய சட்டம் இப்போது கிடையாது என்பது விஷயம். பாதிக்கு மேல் கேட்கவில்லை. பட்டறை வரைக்கும் குழம்பு வாசம் வந்தது; மனைவி மிச்சத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.